தொண்ணூற்றிரண்டு மில்லி ஆம்பியர்

காலை ஏழு மணிக்கு அத்தை வண்டியின் சாவியைத் திருப்பினார். வண்டி வாயைத் திறக்கவில்லை. விளக்கு எரியவில்லை, முள் ஆடவில்லை, பெட்ரோல் பம்பு வழக்கமாக விடும் அந்தக் குட்டிப் பெருமூச்சுகூட வரவில்லை. ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்கிப் பார்த்தார். பட்டன் உள்ளே போய் வெளியே வந்தது. அதோடு சரி.

"மாப்பிள்ளை!"

மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவனுக்கு அந்த ஒற்றைச் சொல்லின் அழுத்தத்திலேயே பாதி விஷயம் விளங்கிவிட்டது. இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. அத்தை 'மாப்பிள்ளை' என்று கூப்பிடுவதில் எட்டு வகை இருப்பதாக அவன் ஒரு கணக்கு வைத்திருந்தான். சாப்பிட வாங்க என்பது முதல் வகை. இது எட்டாவது. இதை இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறான், அத்தையின் தையல் கத்தரிக்கோலை எடுத்து ஒயர் வெட்டிய அன்று.

வாயில் நுரையோடு படியிறங்கினான்.

கீழ்வீட்டில் அத்தையும் மாமாவும், மாடியில் அவனும் மனைவியும். வீட்டோடு வந்த மாப்பிள்ளை. பிழைப்புக்கு இரண்டு தெரு தள்ளி மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் கடை, போய்வர ஒரு ஸ்கூட்டர். மாமா வீட்டு வாசலில் நின்று "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு அக்கம்பக்கத்தாரும் அப்படியே கூப்பிட, கடைக்கு வருகிறவர்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. பல் போன கிழவர்களெல்லாம் "மாப்பிள்ளை, பிரேக் பிடிக்கலை" என்று வந்து நின்றார்கள். பாதி ஊருக்கு மருமகனாக இருப்பது சாமானிய வேலையில்லை.

அத்தை கைகளை இடுப்பில் ஊன்றி நின்றிருந்தார். ஹெல்மெட் ஏற்கெனவே தலையில் ஏறியிருந்தது.

"உங்க தீப்பெட்டி பத்திக்கலை, மாப்பிள்ளை."

அன்று பத்து மணிக்கு அத்தைக்கு லைசென்ஸ் டெஸ்ட். மூன்றாவது தடவை. முதல் தடவை எட்டுப் போடும்போது காலை ஊன்றிவிட்டார். இரண்டாம் தடவை சைடு ஸ்டாண்டை எடுக்காமலே கியரைப் போட, வண்டி பொசுக்கென்று அணைந்தது. ஆய்வாளர் பேனாவை மூடிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து, தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "இன்னொரு தடவை பாப்பேன். அதுவும் ஊத்திக்கிச்சுன்னா வண்டிய வித்துடுவேன்."

சொன்னால் செய்கிற ஆள். இருபது வருஷத்துக்கு முன் ஒரு கோபத்தில் டீக்குச் சர்க்கரை வேண்டாமென்றவர், கோபம் மறந்துபோன பிறகும் சர்க்கரையைத் தொட்டதில்லை. அத்தையின் அக்கா மலைக்கு அந்தப் பக்கம் இருந்தார், அறுபது கிலோமீட்டர். நாளைக்கு இரண்டே பஸ். மாமாவின் மொபெட் மலையில் இறங்கச் சம்மதிக்குமே தவிர ஏறச் சம்மதிக்காது. அக்காவைப் பார்க்க வேண்டுமென்றால் மருமகன் கடையை மூட வேண்டும், இல்லை மகள் லீவு போட வேண்டும். "என் கூடப் பொறந்தவளப் பாக்க நான் ஊரையே கெஞ்சணுமா?" என்று கேட்டு, தைத்துச் சேர்த்ததில் அத்தை இந்த வண்டியை வாங்கினார். நல்ல உயரமான, கனமான வண்டி. அத்தை அவ்வளவு உயரமில்லை.

அதனால்தான் மாப்பிள்ளை அந்தப் பழைய கனத்த பேட்டரியைக் கழற்றிவிட்டு லித்தியம் பேட்டரி போட்டான். நாலு கிலோ இருந்த இடத்தில் முக்கால் கிலோ. உள்ளங்கையில் தூக்கிக் காட்டியபோது அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "தீப்பெட்டி மாதிரி இருக்கு. இதுவா இவ்வளவு பெரிய வண்டிய எழுப்பும்?" என்றார்.

"இதுக்கு நான் ஜவாப்தாரி அத்தை" என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லியிருந்தான். அந்தத் தட்டு இப்போது வலித்தது.

மாமா செருப்பு மாட்டிக்கொண்டு வந்தார். "இதுக்கெதுக்கு மாப்பிள்ளை கவலை? தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாம். எங்க காலத்துல..."

தள்ளினால் இந்த வண்டி கிளம்பாது. பம்புக்கு மின்சாரம் போகாமல் எஞ்சினுக்கு ஒரு சொட்டுப் பெட்ரோல் போகாது. அது மாப்பிள்ளைக்குத் தெரியும். ஆனால் 'எங்க காலத்துல' என்று ஆரம்பித்துவிட்ட மாமாவை நிறுத்துவதைவிட வண்டியைத் தள்ளுவது சுலபம். அத்தை மேலே ராணி மாதிரி உட்கார, பின்னால் மாமாவும் மருமகனும் தெரு முனைவரை தள்ளினார்கள். திரும்பவும் தள்ளிக்கொண்டே வந்தார்கள். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் முளைத்தன.

"நல்லா மூச்சு வாங்குறீங்க. எஞ்சின்தான் வாங்கல" என்றார் அத்தை.

சீட்டைக் கழற்றி மாப்பிள்ளை மீட்டரை வைத்தான். பன்னிரண்டு வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டிய இடத்தில் அரை வோல்ட்டுகூட இல்லை.

"செத்துப்போச்சா?" என்று மாமா குரலைத் தாழ்த்தினார், ஏதோ துக்க வீட்டில் கேட்பதுபோல.

"சாகலை மாமா. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உட்கார்ந்திருக்கு. இதுக்குள்ள ஒரு சின்ன சர்க்யூட் இருக்கு. சார்ஜ் ரொம்ப இறங்கிட்டா, உள்ளே இருக்கிற செல் கெட்டுடக் கூடாதுன்னு தானாவே துண்டிச்சிடும். அப்புறம் வெளிய இருந்து என்ன கேட்டாலும் பதில் சொல்லாது."

"எனக்கு அந்த மாதிரி ஒருத்தரத் தெரியும்" என்றார் மாமா.

"யாருன்னு சொல்லிடுங்களேன்" என்றார் அத்தை ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

மாமா அவசரமாகக் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்.

பேட்டரியை வெளியே எடுத்து மாப்பிள்ளை உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். சூடில்லை. முகர்ந்தான், பிளாஸ்டிக் வாசனையைத் தவிர வேறில்லை. அத்தையின் தையல் ஸ்கேலைக் கேட்டு வாங்கி நாலு பக்கமும் வைத்துப் பார்த்தான். ஸ்கேலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் வெளிச்சம் தெரியவில்லை, அப்படியென்றால் எங்கும் வீங்கவில்லை.

"வீங்கியிருந்தா?" என்றார் அத்தை.

"தூக்கி ஓரமா வச்சிட்டு, 'மூணு மாசம் கழிச்சு டெஸ்ட்டுக்குப் போங்க அத்தை'ன்னு கால்ல விழுந்திருப்பேன். வீங்கின லித்தியத்தோட விளையாடக் கூடாது."

அத்தை ஸ்கேலை வாங்கிக்கொண்டார்.

கதவைத் தட்டித் திறக்க வெளியே ஒரு பேட்டரி வேண்டும். பக்கத்தில் நின்றது மாமாவின் மொபெட். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று இரண்டையும் ஒயரால் இணைத்துவிட்டு மாப்பிள்ளை முப்பதுவரை எண்ணினான். ஒயரை எடுத்தான். மீட்டரை வைத்தான்.

பதினொன்று புள்ளி எட்டு.

"முழிச்சிருச்சு!" என்று அவன் குதித்ததில் மிச்சமிருந்த பற்பசை சட்டையில் தெறித்தது.

"எழுப்பினது யாரு வண்டி?" என்றார் மாமா, மொபெட்டின் சீட்டைத் தட்டிக் கொடுத்து. அந்தச் சந்தோஷத்திலேயே உள்ளே போய், அலமாரியிலிருந்து செங்கல் கனத்தில் ஒரு பழைய சார்ஜரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இதுல போடுங்க. எப்பேர்ப்பட்ட பேட்டரியையும் உசுப்பிடும்."

"ஐயோ மாமா, அது பழைய மாதிரி பேட்டரிய அடிச்சு எழுப்புற சார்ஜர். இதை அடிச்சா நிரந்தரமா படுத்துடும். இதுக்கு இதோட சார்ஜர்தான்."

அத்தை அதற்குள் தையல் மேஜையைக் காலி செய்திருந்தார், பேட்டரியை வைக்க. துணி இருக்கிற இடமே வேண்டாமென்று மாப்பிள்ளை அதை வாசல் சிமெண்டுத் தரையில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தான். சார்ஜர் முதலில் மெதுவாக, மயங்கி விழுந்தவருக்கு ஸ்பூனில் தண்ணீர் கொடுப்பதுபோலக் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தது. பிறகு தைரியம் வந்து வேகமெடுத்தது. மணி ஏழு நாற்பது.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு மணி நேரம், கொஞ்சம் கூட. பழைய பேட்டரின்னா நாள் பூராக் குடிச்சிட்டு உட்கார்ந்திருக்கும். உங்க தீப்பெட்டி மளமளன்னு குடிச்சிடும்."

அத்தை ஹெல்மெட்டைக் கழற்றினார். மாப்பிள்ளைக்கு மூச்சு வந்தது. அத்தை அடுத்த கேள்வியைக் கேட்டார், வந்த மூச்சு நின்றது.

"சரி. ஏன் காலியாச்சு?"

அத்தை தினமும் சாயந்திரம் நான்கு மணிக்குப் பயிற்சிக்குக் கிளம்புவார். தினமும் ஓட்டியதால் பேட்டரி தினமும் நிரம்பிவிட்டிருந்தது. ஆனால் பரீட்சைக்கு முன்னால் புஸ்தகத்தை மூடிவைத்துவிட வேண்டுமென்பது அவருடைய கட்சி. சனிக்கிழமை சாயந்திரம் நிறுத்தியவர், ஞாயிறும் திங்களும் வண்டியைத் தொடவில்லை. நிறுத்திய இடத்தில் நின்றபடியே ஏதோ ஒன்று பேட்டரியை உறிஞ்சியிருக்கிறது.

"எங்கேயாவது ஒயர் உரசிக்கிட்டு இருந்தா, நான் எட்டுப் போடுற நேரத்துல நின்னுடுமா?"

"நின்னாலும் நிக்கும்" என்றான் மாப்பிள்ளை உண்மையாக. "கசிவைக் கண்டுபிடிக்காம உங்களை அனுப்ப மாட்டேன்."

சொல்லிவிட்டு மீட்டரின் ஒயரைத் தேவையில்லாமல் சுற்றிப் பிரித்தான். உறிஞ்சுகிற பொருள் ஒன்று எங்கே இருக்கிறதென்று அவனுக்கு நன்றாகத் தெரியும். வைத்ததே அவன்தான்.

மூன்று வாரத்துக்கு முன் ஒருநாள் பயிற்சிக்குப் போன அத்தை, ஐந்து மணி நேரம் வீடு திரும்பவில்லை. போனும் எடுக்கவில்லை. கடைசியில் சிரித்துக்கொண்டே வந்து இறங்கினார். மலைப்பாதையில் பாதி தூரம் ஏறி, ஒரு பாறையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாராம், போனில் சார்ஜ் இல்லையாம். மறுநாளே மாப்பிள்ளை, யாரிடமும் சொல்லாமல், சீட்டுக்கடியில் ஒரு டிராக்கரைப் பொருத்தினான். வண்டி எங்கே இருக்கிறதென்று அவன் போனில் ஒரு பச்சைப் புள்ளி காட்டும். அது உறிஞ்சுவது நாலே நாலு மில்லி ஆம்பியர். அளந்து பார்த்துத்தான் வைத்தான். அந்தக் கணக்குக்கு வண்டி ஒரு மாதம் சும்மா நின்றாலும் பேட்டரி தாங்கும். கணக்கு சரியாகத்தான் இருந்தது, மனசாட்சிதான் கொஞ்சம் இடித்தது.

நான்கு மணி ஆனால் கடையில் போனை எடுத்துப் புள்ளியைப் பார்ப்பான். முதல் நாள் புள்ளி ஆற்றோரம் போயிற்று. அதற்கடுத்த நாளிலிருந்து ஓர் ஆச்சரியம். புள்ளி நேராக அவன் கடைக்கே வந்து நின்றது. தினமும் நான்கு மணிக்கு. எட்டிப் பார்த்தால் அத்தையைக் காணோம். எதிரே பேப்பர் கிடங்கின் லாரிக்குப் பின்னால் மறைந்து நிற்கிறார் என்று முடிவு செய்தான். ஆறு வருஷமாக ஒரு வார்த்தை பாராட்டாத அத்தை, மருமகன் வேலை செய்கிற அழகை ஒளிந்து நின்று ரசிக்கிறார்! வெளியே சொல்லத் தெரியாத பாசம். அன்றிலிருந்து மூன்றே முக்காலுக்கு முகம் கழுவித் தலை சீவிக்கொள்வான். நான்கு மணியிலிருந்து, லாரிக்குக் கேட்கிற மாதிரி, "இந்த வால்வ் க்ளியரன்ஸ் எல்லாருக்கும் பிடிபடாதுங்க" என்று வாடிக்கையாளரிடம் உரக்கப் பேசுவான்.

இப்போது அதெல்லாம் வெளியே வந்துவிடும்.

வேறு வழியில்லை. மொபெட் பேட்டரியிலிருந்து அத்தையின் வண்டிக்கு மின்சாரம் கொடுத்து, போகிற பாதையில் மீட்டரை இடையில் மாட்டினான். சாவி அத்தையின் இடுப்பில். வண்டி அணைந்திருக்கிறது. கடிகாரத்துக்கு ஒன்று, டிராக்கருக்கு நாலு. மீட்டர் ஐந்தைக் காட்டினால் குற்றவாளி அவன்தான். கண்ணை மூடித் திறந்தான்.

தொண்ணூற்றிரண்டு.

"அடேயப்பா!" என்றான், பாதி பயத்திலும் முக்கால் நிம்மதியிலும்.

"நிறையவா?" என்று மாமா எட்டிப் பார்த்தார். "பேட்டரி மேல பன்னிரண்டு ஆம்பியர் அவர்னு போட்டிருக்கே. தாங்காதா?"

"அது பெருமைக்குப் போட்டது மாமா. கீழ பொடி எழுத்துல பாருங்க, 'பழைய பன்னிரண்டுக்குச் சமம்'னு இருக்கும். ஸ்டார்ட் பண்ற பலத்துல சமம். கையிருப்பு உண்மையில நாலுதான். இந்த வேகத்துல ரெண்டு நாள்கூடத் தாங்காது."

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே மீட்டரைப் பார்த்தான். முதலாவதில் மாற்றமில்லை. இரண்டாவதில் இல்லை. விளக்கு ஃபியூஸைப் பிடுங்கியதும் எண் சடாரென்று எழுபத்தாறுக்கு இறங்கியது. விளக்கின் கூட்டைக் கழற்றினான். உள்ளே தீக்குச்சிக் கட்டு அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, ஒயர்களில் நீல டேப் சுற்றி.

அவன் முகம் சிவந்தது. கறுப்பு டேப்தான் மெக்கானிக் சாதியின் டேப். இந்த ஊரில் நீல டேப் சுற்றுகிறவன் ஒருவன்தான். பஸ் நிலையத்துக்கு எதிரே, வண்டிக்குக் கலர் ஸ்டிக்கரும் கூவுகிற ஹாரனும் விற்கிற கடைக்காரன். பட்டப்பெயரே 'ஸ்டிக்கர்'தான்.

"யாரு வண்டிய ஸ்டிக்கர்கிட்ட கொண்டுபோனது?"

படிக்கட்டில் தலை பின்னிக்கொண்டே இறங்கி வந்த மனைவி அப்படியே திரும்பி ஏறப் பார்த்தாள்.

"நில்லு. நீயா?"

"என்னங்க, கத்தாதீங்க. அது வண்டி கீழ விழுந்தா எனக்கு மெசேஜ் அனுப்பும். அவ்வளவுதான்."

"வீட்டுல ஒரு மெக்கானிக் இருக்கும்போது ஸ்டிக்கர்கிட்டயா?"

"உங்ககிட்ட சொன்னா அம்மாகிட்ட உளறிடுவீங்க. பிறந்தநாளுக்கு வாங்கி வச்சதை முந்தின நாளே சொன்னது யாரு?"

மாப்பிள்ளை ஃபியூஸைக் கூர்ந்து பார்க்க ஆரம்பித்தான்.

"இந்த மூணு வாரத்துல பதினொரு மெசேஜ் வந்துச்சு" என்று மகள் அம்மா பக்கம் திரும்பினாள். "பதினொரு தடவை விழுந்திருக்கம்மா நீ!"

"பதினொண்ணா? சும்மா சொல்லாத. நாலு தடவைதான் விழுந்தேன்!"

"விழவே இல்லன்னு சொன்ன!"

அத்தை ஒரு நிமிஷம் தடுமாறினார். "மிச்சம் ஏழு, தொடைக்கும்போது சாஞ்சது" என்றார் சன்னமாக. பிறகு திடீரென்று நிமிர்ந்தார். "அதானா! விழுந்து எந்திரிச்சு மண்ணத் தட்டுறதுக்குள்ள, 'சாப்பிட்டியாம்மா'ன்னு போன் பண்ணுவியே, அதானா!"

"வேற எப்படிக் கேக்கறது? 'விழுந்தியா'ன்னா கேக்க முடியும்?"

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினான். நியாயஸ்தன் வேஷம் போட இதுதான் சமயம் என்று தோன்றியது. "ஒரு குடும்பத்துக்குள்ள இப்படி ஒளிவு மறைவு இருக்கக் கூடாது" என்றான். சொன்னபோது நாக்கு கூசியது உண்மை. "இன்னும் எழுபத்தாறு இருக்கு."

மாமா மெல்ல மொபெட் பக்கம் நகர்ந்தார். "போதும் மாப்பிள்ளை. கண்டுபிடிச்சாச்சே. மாட்டிடுங்க."

எழுபத்தாறு ஓரிடத்தில் நிற்கவில்லை. அறுபதாயிற்று, தொண்ணூறாயிற்று, திரும்ப எழுபதுக்கு வந்தது. உரசுகிற ஒயர் இப்படி ஏறி இறங்காது. எதுவோ உயிரோடு உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது. எல்லா ஃபியூஸையும் பிடுங்கியும் குறையவில்லை. அப்படியென்றால் நேரே பேட்டரி முனையிலிருந்து யாரோ ஒயர் இழுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை விரலால் ஒயரைத் தொட்டுத் தொட்டுப் பின்னால் போனான். அது பக்கவாட்டு மூடிக்குள் நுழைந்தது.

"அந்த மூடியத் தொறக்கறது கஷ்டம் மாப்பிள்ளை" என்றார் மாமா. "திருகு தேஞ்சு போயிருக்கும்."

"நீங்க எப்படிப் பாத்தீங்க?"

மாமா கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தத் துடைப்பை மகள் பார்த்துவிட்டாள். அவள் அப்பாவின் பழைய போன் மூன்று வாரமாகக் காணோம். வீட்டில் பெட்டி, பீரோ, அரிசி டப்பா வரைக்கும் குடைந்து தேடியாயிற்று. அவள் தன் போனை எடுத்து அந்தப் பழைய எண்ணை அழுத்தினாள்.

அணைந்து நின்ற வண்டியின் வயிற்றிலிருந்து தடதடவென்று தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

மீட்டர் நூற்றைம்பதைத் தொட்டது. யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மெஷின்தான். நீளத் தையலில் சீராக ஓடி, முனையில் நின்று, திரும்பி மூன்று தையல் போட்டு, மறுபடி ஓடும் அவருடைய கைதான்.

"எப்போ பதிவு பண்ணீங்க?"

"நாலு வருஷம் இருக்கும்" என்றார் மாமா செருப்பைப் பார்த்தபடி. "வெளிய போயிருக்கும்போது யாராவது கூப்பிட்டா, வீட்டுல இருக்கிற மாதிரி இருக்கும்னு." பிறகு அவசரமாக, "போன் எங்க இருக்குன்னு இன்னொரு போன்ல பாக்கலாமாமே. சார்ஜ் தீராம இருக்கட்டும்னு ஒரு சாக்கெட் வாங்கி நானே மாட்டினேன். திருகு எல்லாம் நான்தான் மாப்பிள்ளை போட்டேன்" என்றார். கடைசி வரியில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மாப்பிள்ளை மூடியைக் கழற்றிப் போனை எடுத்ததும், அத்தை அதைக் கையில் வாங்கி, ஒட்டியிருந்த தூசியைத் தன் முந்தானையில் துடைத்து மாமாவிடம் கொடுத்தார்.

மாப்பிள்ளை கறுப்புப் பெட்டியையும் கழற்றி எடுத்துவிட்டு ஃபியூஸ்களைத் திரும்பச் செருகினான். இப்போது மீட்டர் ஒன்று காட்டியது. கடிகாரம் ஓட அது வேண்டும். கசிவு தீர்ந்தது.

மாப்பிள்ளை மீட்டரைத் தட்டிப் பார்த்தான். ஐந்து காட்ட வேண்டும். ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவிலுள்ள நாலு எங்கே? மீட்டரைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டால் கதை முடிந்தது. மனைவி மாட்டிக்கொண்டாள், மாமா மாட்டிக்கொண்டார், அவன் மட்டும் யோக்கியன். யோக்கியனாக இருப்பது எவ்வளவு சுகம் என்று அரை நிமிஷம் அனுபவித்துப் பார்த்தான்.

ஆனால் அவன் மெக்கானிக். சேராத கணக்கோடு வண்டியை வெளியே விட்டு அவனுக்குப் பழக்கமில்லை.

"அத்தை, நானும் ஒண்ணு வச்சேன்" என்றான். "சீட்டுக்கடியில. டிராக்கர். நாலு மில்லி ஆம்பியர்தான். ஆனா அது இப்ப காட்டலை. ஒயர் எங்கயோ அறுந்திருக்கணும். பாத்துடறேன்."

மனைவி வாயைப் பிளந்தாள். "ஒளிவு மறைவு இருக்கக் கூடாதுன்னு இப்பத்தானே..."

அவன் காதில் வாங்காமல் சீட்டின் அடிப்பக்கத்தைத் தடவினான். டிராக்கர் இல்லை. ஒயர் இல்லை. அவன் கட்டிய பட்டைகூட இல்லை.

"காணோம்!"

"உங்க ஸ்கூட்டர் சீட்டத் தொறங்க மாப்பிள்ளை" என்றார் அத்தை.

ஊரார் வண்டியெல்லாம் பிரித்துப் போடுகிறவன் தன் ஸ்கூட்டர் சீட்டைத் திறந்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. திறந்தான். அடியில், சிவப்பு ஒயரில் சிவப்பும் கறுப்பு ஒயரில் கறுப்புமாகச் சேர்த்து, கறுப்பு டேப்பால் மடிப்புக் கலையாமல் சுற்றி, ஓரம் பிசிறில்லாமல் வெட்டி, அவனுடைய டிராக்கர் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. தன் ஆயுசில் அவன் அவ்வளவு நேர்த்தியாக டேப் சுற்றியதில்லை.

"நான் போடாத முடிச்சு என் வண்டியில இருந்தா எனக்குத் தெரியாதா?" என்றார் அத்தை. "மறுநாளே பாத்தேன். நீங்க தினம் ஒயர் மாட்டுறதப் பாத்திருக்கேனே. கழட்டி உங்க வண்டியிலயே மாட்டிட்டேன். மத்த ரெண்டும்தான் கண்ணுல படல."

மாப்பிள்ளை ஸ்கூட்டரைப் பார்த்தான். பிறகு கடை வாசலில் தினமும் நிற்கிற அதே ஸ்கூட்டரை மனசுக்குள் பார்த்தான். பச்சைப் புள்ளியை நினைத்தான். லாரியை நினைத்தான். லாரிக்குக் கேட்க வேண்டுமென்று அவன் விளக்கிய வால்வ் க்ளியரன்ஸை நினைத்தான்.

"என்ன, ஒரு மாதிரி ஆயிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல அத்தை. தலை சீவ வேண்டியிருக்கு."

எட்டு ஐம்பதுக்குச் சார்ஜர் பச்சை விளக்கு காட்டியது. மாப்பிள்ளை பேட்டரியை அரை மணி நேரம் தனியே விட்டுவைத்தான். முழித்த பேட்டரி நிற்கிறதா, சரிகிறதா என்று தெரிய வேண்டும். பதின்மூன்று புள்ளி மூன்றில் அசையாமல் நின்றது. சுற்றிலும் நுரைப்பஞ்சு வைத்து அடக்கி, முதலில் சிவப்பு, பிறகு கறுப்பு என்று மாட்டி, முனைகளை ஆட்டிப் பார்த்து இறுக்கினான்.

அத்தை சாவியைத் திருப்பினார். பம்பு அந்தக் குட்டிப் பெருமூச்சை விட்டது. பட்டனில் விரல் பட்டதும் வண்டி எழுந்துகொண்டது, எதற்குக் காத்திருந்தீர்கள் என்பதுபோல.

"நான் பின்னாடியே வரட்டுமா?" என்றார் மாமா.

"யாரும் வரக்கூடாது. யாரும் போன் பண்ணக் கூடாது." அத்தை எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "என் வண்டியில இப்ப நான் மட்டும்தானே இருக்கேன்?"

மூன்று பேரும் தலையாட்டினார்கள். அத்தை குனிந்து சைடு ஸ்டாண்டை எடுத்துவிட்டதை, கண்ணால் ஒருமுறை, காலால் ஒருமுறை உறுதி செய்துகொண்டு கியரைப் போட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் பார்க்க ஒன்றுமில்லை. புள்ளி இல்லை, மெசேஜ் இல்லை. மகள் வேலைக்குப் போகவில்லை. மாப்பிள்ளை கடை திறக்கவில்லை. பதினொன்றாயிற்று. டெஸ்ட் மைதானத்திலிருந்து வீட்டுக்கு இருபது நிமிஷம். பன்னிரண்டாயிற்று. மாமா பழைய போனை மடியில் வைத்துக்கொண்டு, அடைகாப்பதுபோல உட்கார்ந்திருந்தார். "ஃபெயில் ஆயிருந்தா நேரா வண்டிய விக்கப் போயிருப்பா" என்றார் ஒருமுறை. மாப்பிள்ளை பேட்டரியை மாட்டிய முறையை மனசுக்குள் முதலிலிருந்து திரும்ப மாட்டிப் பார்த்தான். எட்டுத் தடவை மாட்டினான்.

ஒன்றே காலுக்குத் தையல் மெஷின் ஓடியது. மாமா மடியில்.

மாமா ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னங்க, நான் அக்கா வீட்டுல இருக்கேன்."

"மலைக்கு அந்தப் பக்கமா?"

"பின்ன? அக்கா வீடு நகர்ந்தா வந்திருக்கு? எட்டுப் போட்டேன், ஒரு கால்கூட ஊனல. அந்த ஆளு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. வாசலுக்கு வந்தேன், இடது பக்கம் வீடு, வலது பக்கம் மலை. வலது பக்கம் திரும்பிட்டேன்." பின்னாலிருந்து இன்னொரு குரல், அத்தையின் குரலையே கொஞ்சம் தேய்த்த மாதிரி, "தனியாவே வந்தாளா, தனியாவே வந்தாளா" என்று யாரிடமோ மாய்ந்து மாய்ந்து சொல்வது கேட்டது. "வழியில மூணு எடத்துல நிறுத்தி நிறுத்தி எடுத்தேன். தொட்டா எழுந்துக்குது. மாப்பிள்ளை இருக்காரா?"

"இருக்கேன் அத்தை."

"தீப்பெட்டி நல்ல தீப்பெட்டி மாப்பிள்ளை. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க. போய்ச் சாப்பிடுங்க."

போன் வைக்கப்பட்டது. மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். மாமா எழுந்து வாசலுக்குப் போய், மொபெட்டைத் துணி எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். மாப்பிள்ளை இரண்டு ஆள் சாப்பாட்டைச் சாப்பிட்டான். அத்தையின் 'மாப்பிள்ளை'யில் இது எந்த வகை என்று யோசித்தான். எட்டுக்குள் இல்லை. ஒன்பதாவது.

மத்தியானத்துக்கு மேல் கடைக்குப் போனான். ஒரு வண்டியின் செயினைக் கழற்றிப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது மணி நான்கு. பழக்க தோஷம், போனை எடுத்துவிட்டான். ஸ்கூட்டரிலிருந்து டிராக்கரைக் கழற்ற மறந்துபோயிருந்தது. பச்சைப் புள்ளி வழக்கம்போல அவன் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தது.

எதிரே லாரியைப் பார்த்தான். பையிலிருந்து சீப்பை எடுத்து, நிதானமாக வகிடு எடுத்துத் தலை சீவிக்கொண்டான்.